ஓர் இசைத்தட்டும் அதன் மறுபதிப்புகளும்

நூலொன்று மறுபதிப்புப் பெறுங்கால் பிழை களைதல் வழக்கம். இசைத்தட்டுக்கும் அவ்வழக்கம் உண்டு. ஆயின், மறுபதிப்பு எதனைத் திருத்துகின்றது, எதனைத் திருத்தாது விடுகின்றது என்பது ஆராயத்தக்கது. ஜோய் டிவிஷன் என்னும் ஆங்கில இசைக்குழுவின் முதல் வெளியீடு இதற்குத் தக்க சான்றாகும்.

1976 இல் இங்கிலாந்தில் எழுந்த பங்க் இசை, தேர்ச்சியிலும் வேகத்தையும் சினத்தையுமே பெரிதெனக் கொண்டது. அதன் எழுச்சியினின்றும் தோன்றி, பின்னர் அகநோக்கும் இருண்மையும் மிக்க வேறொரு நெறியிற் சென்றோருள் மாஞ்செஸ்டர் வட்டாரத்து இளைஞர் நால்வர் முதன்மையானோர். இவர்கள் 'வார்சோ' என்னும் பெயருடன் 1977 டிசெம்பரில் ஓல்டம் நகரில் நான்கு பாடல்களை ஒலிப்பதிவு செய்தனர். ஏறத்தாழ அதே பெயருடைய குழுவொன்று இலண்டனில் இருந்தமையால், 1978 தொடக்கத்தில் ஜோய் டிவிஷன் எனப் பெயர் மாற்றினர். நாஜிகளின் வதைமுகாம்களிற் பெண்கள் பட்ட இழிவைக் கூறும் 'ஹவுஸ் ஒஃப் டோல்ஸ்' என்னும் நாவலினின்றும் எடுத்த பெயர் அது.

'ஆன் ஐடியல் ஃபோர் லிவிங்' என்ற அவ்விசைத்தட்டு 1978 ஜூனில் அவர்தம் செலவிலேயே வெளிவந்தது. 1000 பிரதிகள், அளவு 7 அங்குலம். பன்னிரண்டு நிமிடத்திற்கும் மேற்பட்ட இசையை அச்சிறு தட்டின் இரு பக்கங்களில் அடக்க முயன்றதே முதற்குறை. தட்டிலுள்ள சுருள்வரி பக்கவாட்டில் அசைந்து அசைந்து செல்வதாலேயே ஊசி ஒலியைப் பெறுகின்றது. ஒலி வலிதாயின், சிறப்பாகத் தாழ்ந்த சுருதி வலிதாயின், அவ்வசைவு அகலும். நேரம் நீளின் வரிகளை நெருக்க வேண்டும். நெருக்கின் அசைவைக் குறைக்க வேண்டும். எனவே ஒலி மெலிந்து மங்கியது.

மற்றைக் குறை உறையில் இருந்தது. ஹிட்லர் இளைஞர் படையைச் சேர்ந்த சிறுவன் முரசறையும் ஓவியத்தை, குழுவின் கிட்டார் இசைஞர் பேர்னார்ட் சம்னர் அதில் வரைந்திருந்தார். குழுவினர் நாஜி அனுதாபிகளோ என்ற ஐயம் எழுந்தது. அவர்கள் அதனை மறுத்தனர். உறையின் மற்றொரு பகுதியில், படைவீரனின் துப்பாக்கி முன்னே கையுயர்த்தி நிற்கும் யூதச் சிறுவனின் புகைப்படமும் இருந்தமை அவர்க்குச் சார்பான சான்றாகும். எனினும், முகாம்கள் மூடப்பட்டு 33 ஆண்டுகளே கழிந்த காலத்தில், விளக்கம் எதுவுமின்றி அவ்வடையாளங்களைக் கையாண்டது பொறுப்பற்ற செயலே. இளமைத் துடுக்கென்று அதனைத் தள்ளிவிடலாகாது.

அதே ஆண்டு ஒக்டோபரில் 12 அங்குலத் தட்டாக 1200 பிரதிகள் வெளிவந்தன. வரிகளுக்கு இடங் கிடைத்தது, ஒலி தெளிந்தது. முரசறையும் சிறுவன் மறைந்து, கட்டடச் சாரத்தின் படம் உறைக்கு வந்தது. ஆயின் குழுவின் பெயர் மாறவில்லை. பாடல்களும் அவையே, அவற்றுள் ஒன்றான 'நோ லவ் லொஸ்ட்' அந்நாவலின் பகுதியொன்றை உரையாகக் கொண்டது. செவிக்கும் கண்ணுக்கும் உறுத்தியவை திருந்தின. பெயர் எழுப்பிய வினாவோ அப்படியே எஞ்சியது.

1979 ஜூனில் 'அன்னோன் பிளெஷர்ஸ்' என்னும் நெடுந்தட்டு வெளிவந்தது. 1980 மே 18 இல் பாடகர் இயன் கேர்ட்டிஸ் தம் 23 ஆம் வயதில் உயிர் மாய்த்துக்கொண்டார். 1988 இல் வந்த 'சப்ஸ்டன்ஸ்' தொகுப்பின் நெடுந்தட்டில் முதல் வெளியீட்டின் இரு பாடல்களே இடம்பெற்றன. குறுந்தட்டிலோ நான்கும் உள்ளன. 2014 இல் 12 அங்குலப் பதிப்பு மீண்டும் அச்சாயிற்று. அதன் உறையிலும் சாரமே காணப்பட்டது. சேகரிப்போர் பெருவிலை கொடுத்துத் தேடுவதோ ஒலி மங்கிய அந்த 7 அங்குலத் தட்டையே. அதனைப் போலச் செய்த கள்ளப் பிரதிகளும் பல உள.