சென்னையில் 100 வாக்காளர்களில் 56 பேர் ஓட்டு போடவில்லை: மாநகராட்சித் தேர்தல் முடிவை எப்படிப் புரிந்துகொள்வது?

சென்னை மாநகராட்சியில் மொத்தம் 200 வார்டுகள். அதில் 153 வார்டுகளை திமுக மட்டுமே பிடித்திருக்கிறது. கூட்டணிக் கட்சிகளையும் சேர்த்தால் 178. மேயராக 28 வயது பிரியா போட்டியின்றித் தேர்வாகி 2022 மார்ச் 4-ம் தேதி பதவியேற்றார்.

இந்தப் பெரிய வெற்றிக்குப் பக்கத்திலேயே இன்னொரு எண்ணும் இருக்கிறது. பிப்ரவரி 19-ம் தேதி நடந்த வாக்குப்பதிவில் சென்னையில் பதிவானது 43.59 சதவீதம்தான். தமிழ்நாட்டில் அப்போது இருந்த 21 மாநகராட்சிகளில் இதுதான் கடைசி இடம். முதலிடம் பிடித்த கரூரில் 75.84 சதவீதம் பேர் வாக்களித்திருக்கிறார்கள்.

பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டே போடாத தேர்தல் செல்லுமா? சென்னைக்காரர்களுக்கு அவ்வளவு சோம்பேறித்தனமா? இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

யாருக்கு எத்தனை வார்டு?

திமுக - 153
அதிமுக - 15
காங்கிரஸ் - 13
மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் - 4
விடுதலைச் சிறுத்தைகள் - 4
மதிமுக - 2
இந்திய கம்யூனிஸ்ட் - 1
இந்திய யூனியன் முஸ்லிம் லீக் - 1
பாஜக - 1
அமமுக - 1
சுயேச்சைகள் - 5

2011-ல் இதே சென்னையில் அதிமுக 168 வார்டுகளில் ஜெயித்தது. இப்போது அந்தக் கட்சிக்கு 15. மேற்கு மாம்பலம் பகுதியில் உள்ள 134-வது வார்டில் பாஜகவின் உமா ஆனந்தன் வென்றிருக்கிறார்.

மேயர் பதவி இந்த முறை பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. திரு.வி.க. நகர் பகுதியின் 74-வது வார்டு கவுன்சிலரான பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பிறகு இந்தப் பதவிக்கு வரும் 3-வது பெண். சைதாப்பேட்டைப் பகுதியைச் சேர்ந்த மகேஷ் குமார் துணை மேயர்.

43 சதவீதம்னா எத்தனை பேர்?

சென்னை மாநகராட்சிப் பகுதியில் பட்டியலில் உள்ள வாக்காளர்கள் 61 லட்சத்துக்கும் மேல். அதில் ஓட்டு போட்டவர்கள் கிட்டத்தட்ட 27 லட்சம். வராதவர்கள் 34 லட்சத்துக்கும் மேல்.

இதை உங்கள் வார்டு அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். வார்டுக்கு வார்டு எண்ணிக்கை மாறும் என்றாலும், சராசரியாக ஒரு வார்டுக்கு 30 ஆயிரம் வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 43 சதவீதம் என்றால் பதிவானது சுமார் 13 ஆயிரம் ஓட்டு. நான்கைந்து முனைப் போட்டியில் ஒரு வேட்பாளர் அதில் 40 சதவீதம் வாங்கினாலே பெரும்பாலும் ஜெயித்துவிடுவார். அதாவது 5,200 ஓட்டு. 30 ஆயிரம் பேர் உள்ள வார்டில் அது 17 சதவீதத்தைச் சற்றே தாண்டும் எண்ணிக்கை.

இது ஒரு கணக்குதான், எந்த வார்டின் முடிவும் அல்ல. ஆனால் ஆறு பேரில் ஒருவரின் ஓட்டை வைத்தே ஒருவர் கவுன்சிலராகிவிட முடியும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

சட்டப்படி இது செல்லுமா? செல்லும். இத்தனை சதவீதம் பதிவானால்தான் தேர்தல் செல்லும் என்று குறைந்தபட்ச வரம்பு எதுவும் கிடையாது. பதிவான ஓட்டில் யாருக்கு அதிகமோ அவரே வெற்றியாளர். ஜெயித்தவர் மீது குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. வந்தவர்கள் முடிவு செய்தார்கள், வராதவர்கள் அந்த முடிவைத்தான் ஏற்க வேண்டும்.

சென்னை ஏன் கடைசி இடத்தில் இருக்கிறது?

'படித்தவர்கள் ஓட்டு போட மாட்டார்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எளிது. ஆனால் காரணங்கள் பல.

ஊர் சின்னதாக ஆக, ஓட்டு கூடுகிறது. பேரூராட்சிகளில் 74.68 சதவீதம், நகராட்சிகளில் 68.22 சதவீதம், மாநகராட்சிகளில் 52.22 சதவீதம். மாநில மொத்தம் 60.70 சதவீதம். பேரூராட்சியில் வேட்பாளர் யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியும். நாளைக்கு கடைத்தெருவில் அவரைப் பார்த்துதான் ஆக வேண்டும். சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு எதிர் வீட்டில் யார் என்பதே தெரியாதபோது, தன் வார்டு எண் மட்டும் எப்படித் தெரியும்?

பட்டியலிலேயே சிக்கல் இருக்கிறது. சட்டமன்றத் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரித்து உள்ளாட்சித் தேர்தலுக்குப் பயன்படுத்துகிறார்கள். சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் அடிக்கடி வீடு மாறுவார்கள். வியாசர்பாடியிலிருந்து பெரும்பாக்கம் பக்கம் போனவரின் பெயர் பழைய முகவரியிலேயே இருக்கும். இறந்தவர்களின் பெயர்கள் நீக்கப்படாமல் இருக்கும். இவர்கள் எல்லோருமே கணக்கில் 'வாக்களிக்காதவர்கள்'தான். ஆக, அந்த 56 சதவீதத்தில் இருக்கும் எல்லோரும் வேண்டுமென்றே வீட்டில் இருந்தவர்கள் அல்ல.

ஆனால் பட்டியலை மட்டும் குறை சொல்லியும் தப்பிக்க முடியாது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இதே சென்னையில் சுமார் 59 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ஒரு வருஷம்கூட ஆகவில்லை. முதல்வரைத் தேர்ந்தெடுக்க வந்தவர்களில் பலர் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்க வரவில்லை.

மேயருக்கு நேரடியாக ஓட்டு இல்லை. 1996-ல் சென்னை மக்கள் முதன்முறையாக நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது ஜெயித்தவர் மு.க.ஸ்டாலின். 2006-ல் கவுன்சிலர்கள் சேர்ந்து மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி நேரடித் தேர்தல், சைதை துரைசாமி வென்றார். 2019 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகத் தேர்தல். அதனால் இந்த முறை 'நம்ம மேயர் யார்?' என்ற கேள்வி பிரசாரத்தில் பெரிதாக எழவே இல்லை. நகரம் முழுக்கப் பேசப்படும் ஒரு போட்டி இல்லாமல், 200 சின்னச் சின்னப் போட்டிகள் மட்டுமே இருந்தன.

இதோடு கொரோனா மூன்றாவது அலை முடிந்தும் முடியாத நேரம், பிரசாரத்துக்குக் கட்டுப்பாடுகள், சனிக்கிழமை வாக்குப்பதிவு என்பதால் சொந்த ஊருக்குக் கிளம்பியவர்கள் எனப் பல விஷயங்கள் சேர்ந்துகொண்டன. யாரையும் பிடிக்கவில்லை என்று சொல்ல நோட்டாவும் இந்தத் தேர்தலில் கிடையாது.

பழக்கமே விட்டுப்போச்சா?

முக்கியமான இன்னொரு காரணம், இடைவெளி. 2011-ல் தேர்வான மாமன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதமே நடக்க வேண்டிய தேர்தலை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பிறகு வழக்கு, வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு, கொரோனா என்று தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் உச்ச நீதிமன்றம் கெடு விதித்த பிறகுதான், 2022 ஜனவரி 26-ம் தேதி மாநிலத் தேர்தல் ஆணையம் தேர்தலை அறிவித்தது.

நடுவில் 5 ஆண்டுகளுக்கும் மேல் சென்னைக்குக் கவுன்சிலரே இல்லை. அந்தக் காலத்தில் என்னென்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல். 2019-ல் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த கோடை. 2020-ல் கொரோனா ஊரடங்கு. 2021 நவம்பரில் தெருவெல்லாம் வெள்ளம். எல்லாவற்றையும் அதிகாரிகள்தான் பார்த்துக்கொண்டார்கள். 'எங்க தெருவில தண்ணி நிக்குது' என்று ஒரு வார்டு உறுப்பினரின் வீட்டுக் கதவைத் தட்ட வழியில்லை.

2011-க்குப் பிறகு 18 வயதானவர்கள் பலருக்கு இதுதான் முதல் மாநகராட்சித் தேர்தல். கவுன்சிலர் என்பவர் என்ன செய்வார் என்பதைப் பார்த்தே பழகாதவர்கள், அவருக்காக வரிசையில் நிற்பார்களா?

சென்னைக்கு இது புதிதும் அல்ல. 1688-ல் தொடங்கிய, நாட்டின் பழமையான இந்த மாநகராட்சியில் 1973-ல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல்தான். 20 ஆண்டுகளுக்கும் மேல் இந்த நகரம் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றம் இல்லாமலே ஓடியிருக்கிறது.

கவுன்சிலரால் என்ன ஆகப்போகுது?

பலரும் கேட்கும் கேள்வி இதுதான். குப்பை அள்ளுவது, தெருவிளக்கு, உட்புறச் சாலைகள், மழைநீர் வடிகால், பூங்கா, மாநகராட்சிப் பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், பிறப்பு - இறப்புச் சான்றிதழ், மயானம், அம்மா உணவகம் - எல்லாமே மாநகராட்சியின் வேலை. சொத்து வரி விகிதம், பட்ஜெட், ஒப்பந்தங்கள் போன்றவை மாமன்றத்தின் தீர்மானத்துக்கு வரும். அந்தக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உரிமை உங்கள் கவுன்சிலருக்கு உண்டு. எம்.எல்.ஏ. வேலை வேறு, கவுன்சிலர் வேலை வேறு.

அதே நேரம், அவருடைய அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. நிர்வாகத்தை நடத்துவது ஆணையராக இருக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரி. குடிநீரும் கழிவுநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்சாரம் மின்வாரியம். போக்குவரத்து நெரிசல் காவல்துறை. கவுன்சிலர் இதையெல்லாம் நேரடியாகச் செய்ய முடியாது, ஆனால் உங்கள் தெருவின் பிரச்சினையைத் துறைகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும். 'அவர்கிட்ட அதிகாரமே இல்லை' என்று ஒதுங்கிக்கொள்வதற்கும், 'எல்லாம் அவர்தான் செய்யணும்' என்று எதிர்பார்ப்பதற்கும் நடுவில்தான் உண்மை இருக்கிறது.

குறைந்த வாக்குப்பதிவால் யாருக்கு நஷ்டம்?

இதை ஒரு கவுன்சிலரின் இடத்தில் இருந்து பாருங்கள். வாக்கு எண்ணிக்கை முடிந்ததும் எந்த வாக்குச்சாவடியில் எத்தனை ஓட்டு விழுந்தது என்பது கட்சிகளின் கைக்கு வந்துவிடும். எந்தத் தெருக்காரர்கள் கூட்டமாக வந்து ஓட்டு போட்டார்கள், எந்தக் குடியிருப்பிலிருந்து ஆளே வரவில்லை என்பது அதில் ஓரளவு தெரிந்துவிடும். அடுத்த ஐந்து ஆண்டில் வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் யார் குரல் முதலில் கேட்கும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்க்கட்சிக்கும் இதில் பாடம் உண்டு. 200 பேர் உட்காரும் மன்றத்தில் ஆளும் கூட்டணிக்கு 178 இடங்கள். கேள்வி கேட்கும் பக்கம் மிகச் சிறியது. அப்படிப்பட்ட மன்றத்தில், மன்றத்துக்கு வெளியே இருந்து கேட்கும் மக்களின் குரல்தான் பாக்கி. ஓட்டே போடாதவர் கேட்டாலும் அவருக்கு உரிமை உண்டுதான். ஆனால் அந்தக் குரலுக்கு எடை குறைவு.

இப்போ என்ன செய்யலாம்?

தேர்தல் முடிந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். புதிய மாமன்றத்தின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். அதற்குள் செய்யக்கூடியவை சில:

உங்கள் வார்டு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். சென்னை மாநகராட்சியின் இணையதளத்திலும், உங்கள் பகுதி மண்டல அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வார்டு தெரிந்தால் கவுன்சிலர் யார் என்பதும் தெரிந்துவிடும். நீங்கள் ஓட்டு போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் அவர்தான் உங்கள் கவுன்சிலர்.

வாக்காளர் பட்டியலை இப்போதே பாருங்கள். வீடு மாறியிருந்தால் முகவரியை மாற்ற விண்ணப்பியுங்கள். வீட்டில் யாராவது காலமாகியிருந்தால் பெயரை நீக்கச் சொல்லுங்கள். சந்தேகங்களுக்கு 1950 என்ற எண்ணில் பேசலாம். வாக்குப்பதிவு அன்று காலையில் பூத்தில் நின்று 'என் பேரைக் காணோமே' என்று சொல்வதால் பயனில்லை.

குப்பை, தெருவிளக்கு, தேங்கும் தண்ணீர் போன்ற புகார்களுக்கு மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது. புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, தீராவிட்டால் அதையே கவுன்சிலரிடம் கொண்டுபோங்கள். வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட, தேதியும் எண்ணும் உள்ள புகாரைத் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

அடுத்த தேர்தலில் 43 என்ற எண் 60 ஆகுமா என்பது தேர்தல் ஆணையத்தின் விழிப்புணர்வு விளம்பரங்களால் மட்டும் முடிவாகாது. பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும், தேர்தல் உரிய நேரத்தில் நடக்க வேண்டும், கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பது தெருவில் தெரிய வேண்டும். முதல் இரண்டும் அரசின் கையிலும் ஆணையத்தின் கையிலும் இருக்கிறது. மூன்றாவது, புதிதாக வந்திருக்கும் 200 பேரிடமும் அவர்களைக் கேள்வி கேட்கப்போகும் நம்மிடமும் இருக்கிறது.