மடக்கெழுத்தாணி

மாணவர்களே! படப்பையைச் சூழ்ந்த சிற்றூர்களில், பழைய வீட்டுப் பரண்மேல், விந்தையான மடக்குக் கத்தி ஒன்று உங்களுக்குக் கிடைத்தல் கூடும். அதன் ஒரு முனையிற் சிறு கத்தியும் மறு முனையிற் கூரிய ஆணியும் பிடிக்குள் மடங்கியிருக்கும். இஃது எத்தொழிலுக்கு உரியது?

கருவியின் பயனை அதன் உறுப்புகளே உரைக்கும். ஆணியின் முனை கூரியது. பக்கங்களிலோ வெட்டுவாய் இல்லை. ஆதலின், அது கீறுவதற்கே உரியது. சிறு கத்தி மரம் வெட்டப் போதாது. பனையோலையை நறுக்கி ஒழுங்கு செய்ய ஏற்றது. ஓலையும் கீறலும் கூடுமிடம் எழுத்தன்றோ? எனவே, இது மடக்கெழுத்தாணி. குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி என்பனவும் முன்னாளில் வழங்கின. மடக்கெழுத்தாணியோ மடியிற் செருகிச் செல்ல வாய்ப்பானது.

ஓலையிற் கீறிய எழுத்து விளங்கித் தோன்றுமாறு விளக்குக்கரியைப் பூசித் துடைப்பர். இவ்வாறு எழுதப்பெற்ற ஏடுகளைத் தேடி ஒப்பிட்டே உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடெழுதுவோர் கை ஓய்ந்திருப்பின் அந்நூல் நமக்குக் கிட்டியிராது.

ஆதலின், இத்தகைய கருவி கிடைப்பின், பழைய இரும்பென்று எடைக்குப் போடாதீர்கள். துருவைச் சுரண்டவும் முயலாதீர்கள். ஆசிரியரிடம் காட்டி, காஞ்சிபுரத்து அரசு அருங்காட்சியகத்தார்க்குத் தெரிவியுங்கள்.