ஒலிநாடாவும் வானொலித் தொகுப்பும்
காந்த ஒலிநாடா வானொலிக்கு அளித்த பெருங்கொடை ஒலித்தெளிவு மட்டுமன்று. வெட்டி ஒட்டும் வாய்ப்பும் ஆகும். இசைத்தட்டில் பதிந்த ஒலியின் வரிசையை மாற்றுதல் அரிது. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. நிறுவனம் காட்சிப்படுத்திய மேக்னட்டோஃபோன் கருவியில் காலம் நீளமாயிற்று. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் அரைநொடிச் சொல் ஏழரை அங்குலம் நீளும். அதனைக் கத்தரித்து நீக்கலாம், இடம் மாற்றலாம். போருக்குப்பின் இக்கருவியை ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுசென்ற ஜாக் மல்லின், 1947 முதல் பிங் கிராஸ்பியின் வானொலி நிகழ்ச்சியை இவ்வாறே தொகுத்தார். ஓரிடத்துச் சிரிப்பொலி வேறிடத்தில் ஒட்டப்பட்டதும் உண்டு. ஆகவே, நாடாக்கால வானொலிப் பதிவை நிகழ்வின் நேர்ச்சான்றாக அன்றி, தொகுக்கப்பட்ட பனுவலாகவே ஆய்வாளர் அணுகுதல் வேண்டும். நாடாவில் கண்ணுக்குப் புலப்படும் ஒட்டு, எண்மப்படியில் மறைந்துவிடும். எனவே எண்மமாக்கும்போதே ஒட்டுகளின் இடங்களைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது.