முதல் ஆய்வின் அவசரம்

மனைவியை அடித்தவனைக் கைது செய்தால் மறுபடி கை ஓங்குவானா? அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1981-82இல் இதைக் குலுக்கல் முறையில் சோதித்தார்கள். புகார் வந்த வீட்டுக்குப் போகும் போலீஸ்காரரின் கையில் மூன்று நிறத் தாள்கள் கலந்த கட்டு இருக்கும். மேலே வரும் நிறத்துக்கு ஏற்ப கைது, அறிவுரை, அல்லது எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு வெளியே அனுப்புதல். ஆய்வில் சேர்ந்தவை 314 வழக்குகள். அடுத்த ஆறு மாதங்களில், போலீஸ் பதிவுப்படி, கைதானவர்களில் 10 சதவீதம் பேர் மீண்டும் வன்முறையில் இறங்கினார்கள். அறிவுரை கேட்டவர்களில் 19, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24.

முடிவு 1984இல் வெளியானது. பத்திரிகைகள் கொண்டாடின. மாநிலம் மாநிலமாகக் கைதைக் கட்டாயமாக்கிச் சட்டங்கள் வந்தன. ஆய்வாளர்களோ, கட்டாயம் வேண்டாம், வேறு ஊர்களிலும் சோதித்துப் பாருங்கள் என்றுதான் எழுதியிருந்தார்கள்.

சோதித்தார்கள். ஒமாஹாவிலும் சார்லட்டிலும் கைதால் பலன் தெரியவில்லை. மில்வாக்கியில் 1,200 வழக்குகள். அங்கே வேலையில் இருந்தவன் கைதுக்குப் பிறகு அடங்கினான்; வேலையில்லாதவனோ, எச்சரிக்கையோடு விடப்பட்ட வேலையில்லாதவனைவிட அதிகமாக அடித்தான். இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனிடம் லாக்கப் பயம் எடுபடவில்லை. அவன் கோபம் முழுக்க அந்தப் பெண்மீதே இறங்கியது.

அதைவிட என்னை உலுக்கியது 23 ஆண்டுகள் கழித்து அதே மில்வாக்கி வழக்குகளைத் தேடிப் பார்த்தபோது கிடைத்த கணக்கு. எச்சரிக்கையோடு விடப்பட்ட வழக்குகளைவிட, கைது நடந்த வழக்குகளில் அடிபட்டவர்களின் இறப்பு 64 சதவீதம் அதிகம். கறுப்பினத்தவரிடையே ஏறத்தாழ இரு மடங்கு. பெரும்பாலும் கொலையால் அல்ல, இதய நோய் போன்றவற்றால். காரணம் இன்னும் தெளிவாகவில்லை.

மறுபடி சோதித்த ஐந்து நகரங்களின் தரவுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், கைது ஓரளவு வன்முறையைக் குறைக்கிறது என்கிறார்கள். அடி வாங்கியவளுக்குச் சட்டம் துணைநிற்க ஆய்வு எதற்கு என்று பெண்ணுரிமை இயக்கத்தினர் கேட்பதிலும் நியாயம் உண்டு.

ஆனாலும் என் கவலை போகவில்லை. முதல் ஆய்வு சில ஆண்டுகளில் சட்டப் புத்தகம் ஏறியது. மில்வாக்கி ஆய்வு இன்னும் ஆய்விதழ்களில்தான் கிடக்கிறது. சராசரியில் நன்மை என்று சொல்லும் சட்டம், ஏழைக் குடியிருப்புகளில் யாரை வதைக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் கடமை சட்டமன்றங்களுக்கு இருக்க வேண்டும். ஆய்வைக் காட்டி நிறைவேற்றும் சட்டத்திலேயே, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை அதன் விளைவை மறுபடி சோதிக்க வேண்டும் என்பதையும் எழுதிவைக்கலாம். அந்தச் சோதனையில் வேலையில்லாதவர்களின் வீடுகளைத் தனியாக எண்ண வேண்டும்.