சோப்பு கம்பெனி வேலைக்கு கிராமத்தில் பாடம்!

குட்டீஸ்! உங்கள் வீட்டுக் குளியலறையில் லக்ஸோ லைஃப்பாயோ இருக்கிறதா? இந்த சோப்புகளைத் தயாரிக்கும் கம்பெனிக்கு முன்பு இந்துஸ்தான் லீவர் என்று பெயர். 2007 முதல் இந்துஸ்தான் யூனிலீவர்.

இந்தக் கம்பெனியில் பெரிய படிப்பு படித்த இளைஞர்கள் பயிற்சி அதிகாரிகளாகச் சேர்ந்தார்கள். பிற்காலத்தில் கம்பெனியையே நடத்த வேண்டியவர்கள்! சேர்ந்ததும் குளுகுளு அறையும் சுழல் நாற்காலியும் கிடைத்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை. பெட்டி படுக்கையோடு கிராமத்துக்கு அனுப்பினார்கள்!

இதற்குக் காரணம் சோப்பு அல்ல, பால்.

உத்தரப் பிரதேசத்தில் ஏட்டா என்று ஒரு மாவட்டம். அங்கே இந்தக் கம்பெனிக்கு ஒரு பால் பொருள் தொழிற்சாலை இருந்தது. போதிய பால் வராமல் நஷ்டத்தில் ஓடியது. அலுவலகத்தில் உட்கார்ந்து எத்தனை முறை கணக்குப் போட்டால்தான் என்ன, மாடு கூடுதலாகக் கறக்குமா?

காரணம் கிராமங்களில் இருந்தது. விவசாயிகளிடம் நல்ல மாடு வாங்கப் பணம் இல்லை. இருந்த மாடுகளுக்கும் போதிய தீவனமோ வைத்தியமோ கிடைக்கவில்லை. பல இடங்களில் உவர் நிலம் வேறு. அப்போது கம்பெனித் தலைவராக இருந்தவர் டி. தாமஸ். 1976-ல் அங்கே ஒரு கிராம வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. விவசாயிகளுக்கு வங்கிக் கடன் கிடைக்க உதவினார்கள். மாடுகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். பால் வரத்து கூடியது.

பயிற்சி அதிகாரிகளும் ஏட்டா கிராமங்களில் வாரக்கணக்கில் தங்க வேண்டும் என்று ஏற்பாடானது. ஓட்டல் கிடையாது. விவசாயி வீட்டில்தான் சாப்பாடு, தூக்கம் எல்லாம். கிராம வேலைகளிலும் கைகொடுக்க வேண்டும்.

சோப்பு விற்பவருக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 100 பேரில் சுமார் 69 பேர் கிராமத்தில் வாழ்ந்தார்கள். சோப்பு வாங்குபவர்களில் அவர்களும் உண்டே! அன்றாடக் கூலியில் உப்பு, புளி வாங்கிய பிறகு கையில் என்ன மிஞ்சும் என்று தெரியாதவர், சோப்புக்கு விலை வைப்பது எப்படி?

இதைப் படித்தபோது எனக்கு என் ஆசிரியர் பயிற்சிக் காலம் நினைவுக்கு வந்தது. பாடம் நடத்த விடுவதற்கு முன், எங்களை வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். 'சின்னப் பிள்ளைகளோடு உட்காருவதா?' என்று எனக்கு ஒரே கோபம்!

பிறகு நான் பாடம் நடத்திய முதல் நாள். கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுதாமல் விழித்துக்கொண்டிருந்தான். நான் திட்டவில்லை. நேராகப் போய் ஜன்னல் கதவைச் சாத்தினேன். அந்த பெஞ்சிலிருந்து பார்த்தால் வெயில் பட்டு கரும்பலகை பளபளக்கும், எழுத்தே தெரியாது. நான்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறேனே!