ஞானப்பல்: அறிய வேண்டிய சில



17 முதல் 25 வயதுக்குள் கடைவாயின் கோடியில் முளைப்பது ஞானப்பல். தாடையில் இடம் போதாவிட்டால் அது சாய்ந்தோ படுத்தோ சிக்கிக்கொள்ளும். பாதி முளைத்த பல்லை மூடிய ஈற்றுக்குள் உணவுத் துகள் தங்கி, கிருமி பெருகிக் கன்னம் வீங்கும்.

ஆறாம் படிவ மாணவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருந்ததை என் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கிறேன். வீட்டில் கிராம்பு வைப்பார்கள். வலி அடங்கும், பல் அப்படியே இருக்கும்.

சிக்கிய பல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை. தொல்லை தராத பல்லை விட்டுவிடலாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2000ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஆனால் வீக்கம் திரும்பத் திரும்ப வந்தாலும், சொத்தை விழுந்தாலும் எடுப்பதே நலம்.

முதலில் எக்ஸ்ரே எடுத்து, கீழ்த்தாடை நரம்பு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்று பார்ப்பர். அது பாதிக்கப்பட்டால் உதடு மரத்துப்போகக்கூடும். பின்னர் ஊசி போட்டு, ஈற்றைக் கீறி, தேவையானால் பல்லைத் துண்டாக்கி எடுத்துத் தையலிடுவர். நீரிழிவு, இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மருந்து ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

குழியில் உறையும் இரத்தமே புண்ணுக்கு மூடி. ஆகவே முதல் நாள் வாய் கொப்பளிக்காதீர்கள், புகைக்காதீர்கள். மறுநாள் முதல் வெதுவெதுப்பான உப்புநீர் போதும்.

நம் அரசுப் பல் மருத்துவ நிலையத்தில் காட்டினால், தேவைப்பட்டோரை பினாங்குப் பொது மருத்துவமனையின் வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்புவர். காய்ச்சலுடன் வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டால் விடியும்வரை காத்திராதீர்கள். வீக்கம் கழுத்துக்கு இறங்கினால் மூச்சையே அடைத்துவிடும். உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.