எஞ்சினா, விசிறியா? – பழைய சிறு விமானத்தின் சோர்வுக்குக் காரணம் காணும் முறை

1958ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரிலிருந்து செஸ்னா 172 என்னும் சிறு விமானம் ஒன்று மேலெழுந்தது. அதில் இருந்தவர்கள் இராபர்ட் டிம், ஜான் குக் என்னும் இருவர். அந்த விமானம் தரையிறங்கிய நாள் 1959 பிப்ரவரி 7. இடைப்பட்ட 64 நாட்களும் 22 மணி நேரமும் அது வானிலேயே இருந்தது. பாலைவனச் சாலையில் ஓடும் லாரியின் மேலே தாழப் பறந்து, குழாயை மேலே இழுத்து எரிபொருள் நிரப்பிக் கொண்டார்கள். உணவும் நீரும் அவ்வாறே கயிற்றில் ஏறி வந்தன.

அந்த நெடும்பயணத்தை முடித்து வைத்தது எது? எரிபொருள் தீர்ந்துவிடவில்லை. எஞ்சின் திடீரென நின்றுவிடவும் இல்லை. சிலிண்டர்களின் எரியறைகளிலும் ஸ்பார்க் பிளக்குகளிலும் நாளுக்கு நாள் கரி படிந்தது. எஞ்சினின் வலிமை சிறிது சிறிதாகக் குன்றியது. இறுதியில் எரிபொருள் நிரப்பிய பாரத்தோடு உயரே ஏறுவதற்கே அந்த விமானம் திணறியது. அதற்குப் பின்னரே அவர்கள் தரையிறங்கினார்கள்.

பழைய சிறு விமானங்களின் நோய் பெரும்பாலும் இத்தகையதே. எஞ்சின் சட்டென்று நின்றால் அனைவருக்கும் தெரிந்துவிடும். ஆனால், மெல்ல மெல்லக் குறையும் வலிமை எவர் கண்ணிலும் படுவதில்லை. குளிர்ந்த காலைப் பொழுதில் ஒருவர் மட்டும் ஏறிப் பறக்கும்போது அந்தக் குறை மறைந்து கிடக்கும். வெயில் சுட்டெரிக்கும் நண்பகலில், நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, குறுகிய ஓடுபாதையின் எல்லையில் மரங்கள் எதிர்நிற்கும் வேளையில்தான் அது தலைகாட்டும். அப்போது அறிந்து பயனில்லை. ஆகவே, அந்தக் குறையைத் தரையிலேயே கண்டறிவது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

முதல் சோதனை: நின்ற நிலையில்

1955ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்த செஸ்னா 172 இதுவரை 44,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டுள்ளது. உலகில் இதனினும் மிகுதியாகத் தயாரிக்கப்பட்ட விமானம் வேறில்லை. 1960களிலும் 1970களிலும் செய்யப்பட்ட பல விமானங்கள் பயிற்சிக் கழகங்களில் இன்றும் பறந்து கொண்டிருக்கின்றன. 1968 முதல் 1976 வரை வந்தவற்றில் லைகாமிங் நிறுவனத்தின் 150 குதிரைத்திறன் எஞ்சின் உள்ளது. நிமிடத்திற்கு 2700 சுற்றுகள் என்பது அதன் உச்ச வேகம். எஞ்சினின் முன்னே புரொப்பல்லர் என்னும் உந்துவிசிறி நேரடியாகப் பொருத்தப்பட்டிருக்கும். அதன் அலகுகளின் சாய்வுக் கோணம் மாறாதது.

இத்தகைய விமானத்தின் நாடி பார்க்கும் வழி எளியது. பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எரிபொருள் கட்டுப்பாட்டை முழுவதுமாகத் திறந்து, விமானம் நகராத நிலையில் விசிறி நிமிடத்திற்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குள் அது இருக்க வேண்டும் என்பது அந்த விமான வகைக்குரிய சான்றிதழிலேயே குறிக்கப்பட்டிருக்கும். காற்று நேரெதிரே வீசினால் சுற்று கூடிக்காட்டும். எனவே, விமானத்தைக் காற்றுக்குக் குறுக்கே நிறுத்திச் சோதிப்பது முறை.

நூறு சுற்று குறைந்தால் என்ன பெரிய நட்டம் என்று எண்ணுபவர் உண்டு. விசிறி ஏற்கும் ஆற்றல், சுற்று வேகத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு ஏற்ப மாறுவது. 2400 சுற்று வரவேண்டிய இடத்தில் 2300 மட்டுமே வந்தால் சுற்றில் குறைந்தது 4 விழுக்காடுதான். ஆனால் ஆற்றலில் குறைந்தது 12 விழுக்காடு. ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு போய்விட்டது!

"இன்று வெயில் அதிகம், அதனால்தான் சுற்று வரவில்லை" என்று சமாதானம் கூறுவதும் பொருந்தாது. வெப்பத்தால் காற்று மெலியும்போது எஞ்சினின் வலிமை குறைவது உண்மையே. ஆயின், விசிறி வெட்டிச் செல்ல வேண்டிய காற்றும் அதே அளவு மெலிந்துவிடுகிறது. ஆகவே, நின்ற நிலையில் சுற்று எண்ணிக்கை அவ்வளவாக மாறுவதில்லை. வெயிலின் விளைவு மேலேறும் வேகத்தில்தான் தெரியும். கடல்மட்டத்தில் 15 டிகிரி என்பது கணக்கிற்குரிய வெப்பநிலை. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும், விமானம் ஏறத்தாழ 120 அடி கூடுதல் உயரத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். 35 டிகிரி வெயிலில் கடற்கரையில் நிற்கும் விமானம், 2400 அடி உயரத்தில் நிற்பதற்கு ஒப்பாகும்.

அளவுகோலையே அளந்து பாருங்கள்

சுற்று குறைகிறது என்றவுடன் எஞ்சினைக் கழற்ற முற்படுவது அறிவுடைமை ஆகாது. செலவில்லாத சோதனைகள் முதலில், செலவுள்ளவை பின்னர் என்பதே இத்தொழிலில் தேர்ந்தவர்களின் ஒழுங்கு.

முதலில் ஐயுற வேண்டியது டேக்கோமீட்டர் என்னும் சுற்றுமானியை. பழைய விமானங்களில் அது காந்தத்தால் இயங்குவது. ஆண்டுகள் செல்லச் செல்லக் காந்தத்தின் வலிமை குறையும். மானி உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். நலமாக இருக்கும் எஞ்சினை நோயாளி என்று அது பொய்ச்சாட்சி கூறும். விசிறியின் ஓட்டத்தை ஒளியால் எண்ணும் கையடக்கக் கருவி ஒன்றால் ஒத்துப்பார்த்தால் உண்மை சில நிமிடங்களில் வெளிப்படும்.

அடுத்தது கம்பி இணைப்பு. விமானியின் கையிலுள்ள பிடி முழுவதும் திறந்திருக்கலாம். ஆனால் கார்புரேட்டரில் உள்ள நெம்புகோல் தன் எல்லையைத் தொட்டதா? ஒருவர் உள்ளே இயக்க, மற்றொருவர் நின்ற எஞ்சினருகே பார்த்தாலே போதும். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

மூன்றாவது, கார்புரேட்டருக்கு வெப்பக் காற்று தரும் அமைப்பு. எரிபொருள் ஆவியாகும்போது கார்புரேட்டரின் உட்பகுதி கடுங்குளிர் அடையும். வெளியே 20 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும் நாளிலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால், உள்ளே பனிக்கட்டி படிந்து மூச்சை அடைத்துவிடும். அதைக் கரைப்பதற்கே இந்த வெப்பக் காற்று. அதைத் திறந்தால் சுற்று சற்றுக் குறைய வேண்டும். குறையவே இல்லையென்றால் அதன் கதவு முன்பே திறந்து கிடக்கிறது, அல்லது கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள். கதவு எப்போதும் அரைகுறையாகத் திறந்திருந்தால், எஞ்சின் நாள் முழுதும் மெலிந்த சூட்டுக் காற்றையே சுவாசித்துச் சோர்ந்துபோகும்.

தீப்பொறியும் அழுத்தமும்

விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள். அவற்றிற்குத் தனித்தனியே இரண்டு மேக்னட்டோக்கள். ஒன்று பழுதானாலும் மற்றொன்று காக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கும்போது சுற்று சிறிது குறைவது இயல்பு. 1970களின் செஸ்னா 172 கையேடுகள், 1700 சுற்றில் சோதிக்கும்போது 125க்கு மேல் குறையலாகாது என்றும், இரண்டுக்கும் இடையே 50க்கு மேல் வேறுபாடு கூடாது என்றும் வரையறுக்கின்றன.

குறையும் விதமும் ஒரு செய்தி சொல்லும். எஞ்சின் தடதடவென்று அதிர்ந்து குறைந்தால், ஏதோ ஒரு பிளக்கில் ஈயமோ எண்ணெயோ படிந்திருக்கக்கூடும். அதிர்வின்றி மென்மையாக, ஆனால் மிகுதியாகக் குறைந்தால், பொறி எழும் நேரம் பிந்தியிருக்கலாம். சிறிதும் குறையாவிட்டால் மகிழ்ச்சி அடையாதீர்கள்! மேக்னட்டோவை அணைக்கும் கம்பி அறுந்து போயிருக்கலாம். அப்படியானால், சாவி அணைந்த நிலையில் இருக்கும்போதே, விசிறியைக் கையால் அசைத்த மாத்திரத்தில் எஞ்சின் உயிர்பெற்று எழக்கூடும். நின்று கிடக்கும் விசிறியையும் ஓடும் விசிறியாகவே கருதி விலகி நிற்க வேண்டும் என்பது இதனால்தான்.

பின்னர் சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் சதுர அங்குலத்திற்கு 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி, எவ்வளவு தங்குகிறது என்று பார்ப்பார்கள். 80க்கு 74 என்பதுபோல் கணக்கு வரும். காற்று கசியும் வழியைக் காதே காட்டிக்கொடுக்கும். புகைக்குழாயில் சீறல் கேட்டால் வெளியேற்று வால்வு. கார்புரேட்டரில் கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையங்கள்.

ஓய்வே நோயாகும் விந்தை

அழுத்தம் சரி, பொறி சரி, ஆயினும் வலிமை இல்லை என்றால்? அங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். லைகாமிங் எஞ்சினில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு, கிராங்க் தண்டுக்கு மேலே அமைந்துள்ளது. விமானம் மாதக்கணக்கில் பறக்காமல் கிடந்தால் அதன் மீதிருந்த எண்ணெய் வடிந்துவிடும். ஈரக்காற்றில் துரு ஏறும். மீண்டும் ஓட்டும்போது துருவேறிய பரப்பு உராய்ந்து தேயும். கேமின் மேடு தேய்ந்தால் வால்வு முழு உயரத்திற்குத் திறவாது; சிலிண்டர் வயிறாரக் காற்றை உண்ணாது. மூடிய வால்வு இறுக்கமாகவே இருப்பதால் அழுத்தச் சோதனையில் இந்தக் குறை தெரியாது. வால்வு எழும்பும் உயரத்தைக் கருவி கொண்டு அளந்தும், எண்ணெய் வடிகட்டியைப் பிரித்து அதில் இரும்புத் துகள் உள்ளதா என்று பார்த்தும்தான் அறிய வேண்டும். குறைவாக ஓடிய பழைய எஞ்சின் என்று நம்பி வாங்குவோர் இதை நினைவிற்கொள்வது நலம்.

புகைபோக்கியும் கவனத்திற்குரியது. அதன் உள்தடுப்புத் தகடு பெயர்ந்து வாயை அடைத்தால் எஞ்சின் மூச்சுவிட இயலாமல் சோரும். அதே புகைபோக்கியில் விரிசல் விழுந்தால் நேர்வது அதனினும் கொடிது. விமானத்தின் உள்ளே வெப்பம் தரும் காற்று அதைச் சுற்றியே வருகிறது. விரிசல் வழியே நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்து, விமானியைத் தலைவலியிலும் மயக்கத்திலும் ஆழ்த்திவிடும்.

விசிறியின் மீது வழக்கு

எஞ்சின் குற்றமற்றது என்று தெளிந்த பின் விசிறியை விசாரிக்க வேண்டும். அதன் பெயரிலேயே அளவு உள்ளது. 7553 என்று முடிந்தால் விட்டம் 75 அங்குலம். ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம் 53 அங்குலம். இரண்டாவது எண் கூடினால் விரைந்து செல்லலாம். ஆனால் மேலேறும் திறன் குறையும், நின்ற நிலைச் சுற்றும் குறையும். முன்னாளைய உரிமையாளர் எவரேனும் வேகத்திற்கு ஆசைப்பட்டுக் கோணத்தை மாற்றியிருக்கலாம். பதிவேட்டைப் புரட்டினால் தெரியும். இல்லையேல் விசிறிப் பட்டறையில் அலகின் கோணத்தை இடம் இடமாக அளக்க வேண்டும். அதே வகை விமானத்திலிருந்து நல்ல விசிறி ஒன்றை உரிமம் பெற்றவர் மாற்றிப் பொருத்திப் பார்ப்பதும் உண்டு. சுற்று சரியாகிவிட்டால் குற்றவாளி யாரென்று ஐயமின்றித் தெரிந்துவிடும்.

விசிறியில் வேறொரு ஆபத்தும் உண்டு. கூழாங்கல் பட்டு அலகின் விளிம்பில் விழும் சிறு வெட்டு, விரிசலாக வளர்ந்து அலகையே முறிக்க வல்லது. 1908 செப்டம்பர் 17 அன்று ஃபோர்ட் மயர் திடலில் ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் விசிறியின் அலகு பிளந்து, திசைமாற்றியைத் தாங்கிய கம்பியில் மோதியது. உடன் பறந்த தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் என்னும் இராணுவ அதிகாரி உயிரிழந்தார். எஞ்சின் பூட்டிய விமானத்தில் நேர்ந்த முதல் உயிர்ப்பலி அது. இன்று அத்தகைய வெட்டுகளை முறைப்படி அரத்தால் இழைத்துச் சீராக்குகிறார்கள். ஆனால், பலமுறை இழைத்த அலகு மெலிந்துவிடும். தயாரிப்பாளர் விதித்த எல்லைக்குக் கீழே சென்றால் அதை ஒதுக்கிவிடுவதே கடமை.

கையெழுத்து ஓர் அமானிதம்

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகுகள் பூட்டிப் பறந்தார் என்றும், இறங்கும்போது முதுகில் காயமுற்றார் என்றும், பறவைக்கு உள்ளதுபோல் வால் அமைக்கத் தவறியதே அதற்குக் காரணம் என்றும் பிற்கால வரலாற்றாசிரியர் அல்மக்கரி குறித்துள்ளார். விழுந்ததோடு நில்லாமல், விழுந்தது ஏன் என்று கேட்ட மரபு நம்முடையது.

பழுது பார்த்தவர் பதிவேட்டில் இடும் கையெழுத்தை நம்பியே, அவர் முகத்தையும் அறியாத ஒரு குடும்பம் அந்த விமானத்தில் ஏறி அமர்கிறது. அளக்காமலே "சரியாக உள்ளது" என்று எழுதுவது, ஒப்படைக்கப்பட்ட அமானிதத்திற்குச் செய்யும் துரோகமன்றி வேறென்ன? ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி, விமானக் கொட்டகைக்கும் பொருந்தும்.

விமானப் பராமரிப்புக் கல்வியை நாடும் நம் இளைஞர்கள் இன்று பெருகி வருகின்றனர். கருவிகளைக் கையாளும் திறனைக் கல்லூரி கற்றுத்தரும். எளியதிலிருந்து தொடங்கும் பொறுமையையும், அளந்ததை மட்டுமே எழுதும் நேர்மையையும் அவர்கள் நம் இல்லங்களிலிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். அவ்விரண்டும் வாய்த்தவர் கையில், ஐம்பதாண்டு கண்ட விமானமும் இன்ஷா அல்லாஹ் நம்பகமாகப் பறக்கும்.